கற்பூரம் காட்டிய பெட்டி

லோகேஸ்வரன் செய்த பெட்டி பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இருக்காது. தகரத்தில் அடித்த சின்னப் பெட்டி. நெற்றியில் ஒரு பச்சை விளக்கு, வயிற்றிலிருந்து இரண்டு வயர். ஒரு வயர் இயந்திரத்தின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். மற்றது, பார்த்ததை ஆபீஸ் கணினிக்குக் கொண்டுபோய்ச் சொல்லும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள், ஹட்டன் பஜாரில் மயூரதனின் ரேடியோ திருத்தும் கடைப் பின்னறையில் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் பெட்டி சூட்டில் உருகியது. அடுத்தது தேயிலைத் தூசி அடைத்துச் செத்தது. அதற்கடுத்தது நன்றாகத்தான் வேலை செய்தது, பக்கத்தில் எந்த மோட்டாரும் ஓடாதவரைக்கும். மோட்டார் கிளம்பிய நொடியில், ஊரே தீப்பற்றி எரிவதாகக் கணினிக்குத் தகவல் அனுப்பியது.

மயூரதன் யாழ்ப்பாணத்துக்காரன். வாத்தியார் வேலைக்கு ஹட்டனுக்கு வந்து, யுத்தத்தால் ஊர் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவரின் மகன். கடை மயூரதனுடையது, மூளை லோகுவுடையது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். "ஒரு தோட்டத்து ஃபெக்டரியில பூட்டிக் காட்டினால் காணும் லோகு. மற்றதெல்லாம் தன்ரபாட்டில வரும்" என்று மயூரதன் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ஒரு தோட்டம், 2007ஆம் வருடத்து மழைக்காலத்தில், லோகு பிறந்து வளர்ந்த ஆனைமட்டம் தோட்டமாகவே அமைந்தது.

பொகவந்தலாவையைத் தாண்டி மேலே ஏறினால் ஆனைமட்டம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர் என்பார்கள். லோகுவின் அப்பா அந்த ஸ்டோருக்கு விறகு சுமந்தே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். ஆபீஸ் படியேறி, நாற்காலியில் உட்கார்ந்து, தோட்ட நிர்வாகியான தொரையிடம் பேசிய முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் லோகுதான்.

தொரை சிங்களவர். தோட்டத் தமிழை நன்றாகப் பேசுவார்.

"டிரையர்காரன் மணிக்கு ஒருக்கா சூடு பாத்து எழுதுறான். அது போதாதா?" என்று கேட்டார்.

"மனுசன் மறந்துருவான் சேர். கண்ணு தப்பாப் பாக்கும். பாக்காததயும் பாத்தேன்னு எழுதிருவாங்க. இந்தப் பொட்டி அப்படி இல்ல. பாத்தத மட்டுந்தான் சொல்லும்."

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வசனம்தான். சொன்னபோது அவனுக்கே புல்லரித்தது. தொரைக்கும் பிடித்துப்போயிற்று. மழைக்காலம் முடியும்வரை ஒரு டிரையரில் மாட்டிப் பார்க்கலாம், உருப்படியாக எதையாவது கண்டுபிடித்தால் எல்லா இயந்திரத்துக்கும் வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும் என்றார்.

அரைத்து வந்த ஈரத் தூளைச் சூட்டுக்காற்றில் காயவைத்துக் கறுக்கச் செய்வது டிரையர். அதைப் பார்த்துக்கொள்பவர் மூக்கன். இரத்த உறவு ஒன்றுமில்லை என்றாலும் ஒரே லயத்து வரிசைவீடுகளில் இருப்பவர் என்ற முறையில் லோகுவுக்கு அவர் மாமா. பெட்டியை மாட்டும்போது ஏணியைப் பிடித்தவர் அவர்தான். பச்சை விளக்கு எரிந்ததும் கைகால் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஸ்டோருக்கு எந்த மெஷின் வந்தாலும் அப்படித்தான். பொட்டு வைக்காத மெஷினை யாரும் தொடமாட்டார்கள்.

"இனி இதுவும் நம்ம சாமிதான் தம்பி" என்றார் மூக்கன், கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு. "இதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு யாரும் பொய் பேச முடியாதுல்ல?"

"முடியாது மாமா" என்று சிரித்தான் லோகு.

அன்றிலிருந்து தினமும் ஒரு கோழி இறகால் பெட்டியின் மேல் படியும் தூசியைத் தட்டிவிடுவதை மூக்கன் தன் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார். முந்திய பெட்டிகளைப் போல இது சாகாமல் பிழைத்ததற்கு லோகுவின் மூளை பாதிக் காரணம் என்றால் அந்தக் கோழி இறகு மீதிக் காரணம்.

மலைநாட்டின் ஆனி, ஆடி மழை தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வெயில் என்று ஒன்று இருப்பதையே சனங்கள் மறந்துபோகும் காலம் அது. லயத்துக் காம்பரா அறைக்குள் கட்டிய கொடியில் போட்ட துணி, காய்வதற்கு முன் பூஞ்சணம் பிடித்துவிடும். பெரியவர்கள் ஈரத்தையே உடுத்திக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவார்கள். பிறந்த பிள்ளை என்ன செய்யும்? அதனால் ஆனைமட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கைப்பிள்ளை இருக்கிற வீட்டுத் துணிகளை, கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் மூட்டை கட்டி டிரையர்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். டிரையரின் சூட்டுக்காற்றுக் குழாயில், சுத்தம் செய்வதற்கென்று வைத்த சின்னக் கதவு உண்டு. ஒரு தடவை விட்ட தூள் முழுக்கக் காய்ந்து விழுந்து, அடுத்த தூள் வருவதற்குள் டிரையர் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடும். அந்த இடைவெளியில் மூக்கன் கதவைத் திறப்பார். எதிரே கட்டிய கம்பியில் பிள்ளைத்துணிகள் படபடவென்று அடித்துக் காயும். பிறகு கதவைச் சாத்தி, சூடு பழையபடி ஏறியதைப் பார்த்த பின்தான் அடுத்த தூளை விடுவார். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கண்டும் காணாதவர்போல் போய்விடுவார். லோகு கைப்பிள்ளையாக இருந்தபோது அவன் துணியும் அந்தக் கம்பியில் காய்ந்ததுதான். அந்த வருடம் அவனுடைய தங்கை ஜெயந்தினி தலைப்பிரசவத்துக்கு வந்து, ஆண் பிள்ளை பெற்றிருந்தாள்.

பெட்டியைச் சரிபார்க்கப் போன ஒரு பிற்பகலில் லோகு பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தான். தூள் வந்து விழும் வாயில் மூக்கன் கையை விட்டுத் துழாவி, ஒரு துளிகூட இல்லை என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பிறகுதான் கதவைத் திறந்தார்.

"இன்னைக்கு ஒங்க தங்கச்சி மகன் துணிதான் தம்பி. தொட்டுப் பாருங்க" என்று ஒன்றை எடுத்து அவன் கன்னத்தில் வைத்தார். துணி கதகதப்பாக இருந்தது, தேயிலை மணத்தது. லோகுவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, ஆபீஸ் கணினியில் இந்நேரம் சூட்டின் கோடு கீழே இறங்கியிருக்கும் என்ற நினைப்பும் வந்தது. போகட்டும், அதனால் என்ன என்று அதை விட்டுவிட்டான்.

மழைக்காலம் முடிகிற தறுவாயில் கொழும்பிலிருந்து ஒரு புகார் வந்தது. ஆனைமட்டத்துத் தேயிலை வெந்துபோன ருசி அடிக்கிறது, ஏலத்தில் சீந்துவாரில்லை. தூள் உள்ளே இருக்கும்போது டிரையரில் சூடு குறைந்தால் அப்படி ஆகும். வேறு காரணங்களாலும் ஆகும். தொரை லோகுவையும் மயூரதனையும் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஒங்க பொட்டி இவ்வளவு நாளாத் தொங்குது. என்னா கண்டுபுடிச்சிச்சு?"

உண்மையில் பெட்டி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. டிரையர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது; மூக்கன் ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு குறையுமில்லை என்று காட்டுகிற பெட்டியை எந்தத் தொரை வாங்குவார்? பக்கத்து நாற்காலியில் மயூரதன் மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு லயத்தின் முன்னால் நடந்து போவதை லோகு நினைத்துப் பார்த்தான். 'விறகு சுமந்தவரு மகன் மெஷின் செஞ்சிருக்கான்' என்று அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய சனங்கள் வாசலுக்கு வாசல் நின்று பார்ப்பார்கள். அம்மா மீனம்மாவும் நின்று பார்ப்பாள். அவன் விரல் தானாகவே எழுந்து கணினித் திரையில் ஓரிடத்தைத் தொட்டது.

"இந்த எடத்துல சூடு எறங்குது சேர். அனேகமாத் தெனமும்."

"ஏன்?"

"பின்னாடி சின்னக் கதவத் தொறக்குறாங்க."

சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. அந்த நேரத்தில் உள்ளே தூள் இருக்காது என்ற மீதிப் பாதியைத்தான் மென்று விழுங்கிவிட்டான். தொரை கேட்டால் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தொரை கேட்கவில்லை. காரணம் கிடைத்த சந்தோசத்தில் அவர் எழுந்தே விட்டார்.

மறுநாள் டீமேக்கர் அறையில் விசாரணை. டீமேக்கர் ஐயா தனக்கொன்றும் தெரியாதவர்போல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மூக்கன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பயந்த மாதிரியே தெரியவில்லை. கதவைத் திறந்ததை ஒப்புக்கொண்டார். யார் யார் வீட்டுத் துணி என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

"தூள் இல்லாத நேரத்துலதான் தொறந்தேங்க தொரை" என்றார். "என்னய நம்பாட்டியும் அந்தப் பொட்டியக் கேளுங்க. கற்பூரங் காட்டி வெச்ச பொட்டி, எல்லாத்தயும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திச்சு. அது பொய் சொல்லாதுங்க."

தொரை லோகுவைப் பார்த்தார். "பொட்டிக்குத் தெரியுமா?"

"அது சூட்ட மட்டுந்தான் பாக்கும் சேர். தூள் இருந்திச்சா இல்லையான்னு பாக்காது."

இதுவும் உண்மைதான். பெட்டிக்குத் தெரியுமா என்றுதான் தொரை கேட்டார். உனக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. அந்தச் சின்ன இடுக்குக்குள் லோகு போய் ஒளிந்துகொண்டான். மூக்கன் திரும்பி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. ஒரு குழப்பம்தான் இருந்தது. பிறகு, அதுக்குத் தெரியாட்டி அது என்ன செய்யும் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

மூக்கனை ஸ்டோரிலிருந்து எடுத்து மலை வேலைக்குப் போட்டார்கள். இந்த வயதில், இன்னும் விடாத மழையில், தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிற வேலை. சின்னக் கதவை வெல்டிங் பிடித்து அடைத்தார்கள். நாலு டிரையருக்கும் பெட்டி வேண்டும் என்று தொரை சொல்லிவிட்டார்.

ஹட்டன் பஜாரில் மயூரதன் ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தான். லோகு அதில் கை வைக்கவில்லை. நடந்ததை அவனிடம் கொட்டினான். மயூரதன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீர் பொய் சொல்லேல்லைத்தானே?"

"சொல்லல்ல."

"பிறகென்ன?"

லோகு ரோல்ஸைத் தாளில் சுற்றி அவன் பக்கமே தள்ளிவைத்தான்.

அடுத்த தடவை தோட்டத்துக்குப் போனபோது, வீட்டில் அடுப்புக்கு மேலே கம்பி கட்டிப் பிள்ளைத்துணிகளைப் போட்டிருந்தாள் மீனம்மா. காம்பரா முழுக்கப் புகை. ஜெயந்தினியின் மகன் தும்மிக்கொண்டே இருந்தான். லோகு ஒரு துணியை எடுத்துப் பார்த்தான். பாதி ஈரம், பாதிக் கரி. அதைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

"மூக்கன் அண்ணன் இப்படிச் செய்வாருன்னு யாரு கண்டா?" என்றாள் மீனம்மா, அடுப்பை ஊதிக்கொண்டு. "தூளக் கெடுத்துட்டாராமே. காலையில வேலைக்குப் பெரட்டுல ஆளு எடுக்கறப்பக்கூட அவரு மொகத்த யாரும் நேராப் பாக்குறதில்ல. ஒம் பொட்டி இல்லேன்னா இன்னும் எவ்வளவு நட்டமாயிருக்குமோ."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். அதுதான் அவனை உட்காரவிடவில்லை. அன்று காலைப் பெரட்டில் அவர் அப்படி நின்றிருப்பார் என்ற எண்ணத்தோடே எழுந்து, நேராக ஆபீசுக்குப் போனான்.

தொரை கொழும்பிலிருந்து வந்த புதிய தகவலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவை அடைத்த பிறகு போன தேயிலையிலும் அதே வெந்த ருசியாம். லோகு நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான்.

"மூக்கன் மாமா கதவத் தொறந்தப்ப உள்ள தூள் இல்ல சேர். நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"அன்னைக்கு ஏன் சொல்லல்ல?"

லோகு கணினித் திரைப் பக்கம் பார்வையைத் திருப்பினான்.

தொரை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "வேற கொறையும் இருக்கலாம். அதுக்காக அவன் கெடுக்கல்லன்னு ஆயிருமா? ஒரு நாள் நின்னு பாத்தீங்க. மத்த நாள்? அவன் சொன்னத வெச்சுத்தானே சொல்றீங்க? மனுசன் கண்ணு தப்பாப் பாக்கும்னு சொன்னது நீங்கதான் தம்பி. ஆளு பேச்ச நம்பக்கூடாதுன்னுதான் பொட்டி வாங்கினேன். இப்ப வந்து ஒங்க பேச்ச நம்புன்னா எப்படி?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை; நிஜமாகவே கேட்டார். பிறகு ஒரு யோசனை வந்தவராக நிமிர்ந்தார். "சரி, தூள் இருக்கா இல்லையான்னும் பாக்குற மாதிரி இன்னொரு பொட்டி செய்ய முடியுமா?"

முடியும் என்று லோகுவுக்குத் தெரியும். எப்படிச் செய்வது என்றுகூட அந்த நிமிடமே மனதில் ஓடியது. அதை நினைத்து அவன் வெட்கப்பட்டான். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வரும் நேரம். மூக்கன் தன் வீட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை உப்புத் தடவி விழவைத்துக்கொண்டிருந்தார். லோகுவைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி, ஒக்காருங்க. பொட்டியெல்லாம் நல்லா ஓடுதா? தூசி தட்டுறாங்களா?" என்று விசாரித்தவர், உள்ளே திரும்பி மனைவியிடம், "அம்மாக்கண்ணு, தம்பி வந்திருக்கு, தேத்தண்ணி ஊத்து" என்றார்.

லோகு வாயைத் திறப்பதற்குள் அவரே தாழ்ந்த குரலில் தொடங்கினார். "எனக்கும் வயசாயிருச்சு தம்பி. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். எங்கயோ எனக்குத்தான் தப்பிருக்கு. தூள் உள்ள இருக்கறப்பவே தொறந்துட்டேன் போல. இல்லாட்டி பொட்டி அப்படிக் காட்டுமா? எத்தன வருசம் அந்த டிரையரப் பாத்தேன். கடைசியில நானே தூளக் கெடுத்துட்டேனேன்னுதான் மனசு ஆறமாட்டேங்குது."

லோகுவுக்கு அங்கேயே உயிர் போய்விடக்கூடாதா என்று இருந்தது. வேலையைப் பறித்தது போதாதென்று, அந்த மனிதரின் கையின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கையையும் அல்லவா பிடுங்கியிருக்கிறான்.

"நீங்க கெடுக்கல்ல மாமா. தூள் இல்ல. நீங்க கையத் தொறந்து காட்டினீங்க, நான் பாத்தேன். பொட்டிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் சொல்லல்ல. பொட்டிய எடுக்கச் சொல்லிருவாங்கன்னு சும்மா நின்னேன்."

மூக்கன் உப்புக் கையோடு அப்படியே இருந்தார். "தூள் இல்லையா?" என்றார்.

"இல்ல மாமா."

"அப்ப நான் கெடுக்கல்ல."

"இல்ல."

"ஏ அம்மாக்கண்ணு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இங்க வந்து கேளு. அடுத்த காம்பராவுலயும் கூப்புடு. தம்பி, இன்னொருக்காச் சொல்லுங்க."

அக்கம்பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். லோகு மறுபடி சொன்னான். தான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும் சேர்த்தே சொன்னான். அவர்கள் தூள் இல்லை என்ற பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 'பாத்தியா, நான் அப்பவே நெனச்சேன்' என்றார் ஒருவர். படித்த பிள்ளை, வந்து சொல்ல மனசு இருந்ததே என்றார் இன்னொருவர். அதைக் கேட்க லோகுவுக்குக் கூசியது. நாலு அறை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

"நாளைக்குக் காலையில பெரட்டுலயும் வந்து சொல்லிருங்க தம்பி, எல்லாரும் இருக்கறப்ப" என்றார் மூக்கன். "வேல வேணாம். இந்தப் பேரு மட்டும் போனாப் போதும்."

"சொல்றேன் மாமா."

அம்மாக்கண்ணு தேத்தண்ணிக் கோப்பையோடு நிலையருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டிருந்தாள். சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னீங்களா, அன்னைக்கு?"

மூக்கன், "விடு புள்ள, அதான் வந்து சொல்லிருச்சே" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"ஆமா அத்தே" என்றான் லோகு.

அவள் குனிந்து கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். "குடிங்க" என்றாள். புருசனின் காலருகே உட்கார்ந்து, மிச்சமிருந்த அட்டைக்கு உப்பு வைக்கத் தொடங்கினாள். லோகு எழுந்து போகவில்லை. கோப்பையை எடுத்து, அவர்கள் முன்னால் உட்கார்ந்தபடியே, கடைசிச் சொட்டுவரை குடித்தான்.